சவுக்காரத்தின் வரலாறும் நம் வீட்டுப் பட்டும்

சென்ற தை மாதத்தில் எம் இல்லத்தில் ஒரு சிறு துக்கம் நேர்ந்தது. எம் பாட்டியார் மணவறையில் உடுத்த கூறைப்பட்டு, மூன்று தலைமுறையாய்ப் பேணப்பட்டு வந்தது, துணி துவைக்கும் சவுக்காரத்தில் ஊறவைக்கப்பட்டு ஒரே நாளில் மினுக்கிழந்து சொரசொரத்துப் போயிற்று. துவைத்த பெண்மேல் குற்றஞ் சொல்வதற்கில்லை. "சவுக்காரமென்றால் எல்லாம் ஒன்றுதானே?" என்று அவள் கண்ணீரோடு கேட்டாள். அக்கேள்விக்கு விடையாகவே இக்கட்டுரையை வரைகின்றோம்.

சவுக்காரக் கட்டி நம் வீடுகளுக்கு வருமுன் அழுக்கு நீக்கும் பொருள்கள் இருவகையாய் வழங்கின. உவர்மண்ணும் சாம்பலும் ஒருவகை. பூந்திக்கொட்டை, சீயக்காய், அரப்பு முதலியன மற்றொரு வகை. உவர்மண்ணிலுள்ளது சோடியம் கார்பொனேட்; இந்நாளில் சலவைச் சோடா என்று விற்கப்படுவதும் அதுவே. வண்ணார் பருத்தித் துணியை உவர்மண் நீரில் தோய்த்து வெள்ளாவியில் வைத்தனர். பருத்தியின் நார் காரத்தைப் பெரிதும் தாங்கவல்லது. பட்டும் கம்பளியும் நம் தலைமயிரும் அத்தகையன அல்ல. அவை உயிர்களின் உடலினின்று தோன்றிய புரதப் பொருள்கள். காரம் அவற்றை அரித்துவிடும். பூந்திக்கொட்டையோ நுரைக்குமேயன்றிக் காரமுடையதன்று. இரசாயன நூல் கல்லாதவராயினும் நம் முன்னோர் பருத்திக்கு ஒன்றும் பட்டிற்கு மற்றொன்றும் வகுத்து வைத்தனர்.

இனிச் சவுக்காரத்தின் கதையைச் சிறிது காண்போம். கொழுப்பையோ எண்ணெயையோ காரத்தோடு சேர்த்துக் காய்ச்சினால் சவுக்காரமும் கிளிசரினும் உண்டாகும். மரச்சாம்பலின் காரநீரால் ஆக்குவது குழைவாயிருக்கும். சோடாவினால் ஆக்குவதே கட்டியாகும். பிரான்சு தேசத்து மார்சேல் நகரம் ஆலிவ் எண்ணெய்ச் சவுக்காரத்திற்குப் பேர் பெற்றது. அங்கே மிருகக் கொழுப்பைக் கலத்தலாகாதென்று 1688-ம் ஆண்டிலேயே அரசாணை பிறந்தது. கலப்படம் இன்று நேற்றுத் தோன்றிய நோயன்று போலும்! சோடாவிற்குப் பஞ்சம் நேர்ந்தபொழுது, சாதாரண உப்பினின்றே அதனை ஆக்கும் வழியைக் கண்டு 1791-ம் ஆண்டில் உரிமைப் பத்திரம் பெற்றவர் லெப்ளான் என்பவர். பிற்காலத்தில் அவ்வழியால் பலர் பெருஞ்செல்வராயினர்; அவரோ புரட்சியில் தம் ஆலையை இழந்து, வறுமையால் மனமுடைந்து 1806-ல் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். கொழுப்பின் உள்ளமைப்பை விளக்கிய செவ்ரோல் என்னும் அறிஞரின் நூல் 1823-ல் வெளிவந்தது.

நம் தென்னாட்டிலும் இத்தொழில் வேரூன்றிற்று. சென்னை அரசாங்கத்தார் 1914-ல் கோழிக்கோட்டில் சவுக்காரச் சாலையை நிறுவினர். தேங்காயெண்ணெய் மலிந்த அந்நாடு அதற்கு ஏற்றதே. அவ்வெண்ணெய்ச் சவுக்காரம் உப்புநீரிலும் நுரைக்குமாதலின் கப்பலோட்டிகளுக்கு உதவிற்று. முதல் உலக யுத்தத்தால் மைசூர்ச் சந்தனம் ஐரோப்பாவிற்குச் செல்ல வழியின்றித் தேங்கியபொழுது, அந்தச் சமஸ்தானத்தார் 1916-ல் பெங்களூரில் சவுக்காரத் தொழிலைத் தொடங்கினர். சந்தன மணம் கமழும் அவர்தம் கட்டியை அறியாதார் யார்?

அந்த யுத்தத்திலேயே ஜெர்மனியில் கொழுப்புக் கிடைத்தல் அரிதாகவே, கொழுப்பில்லாமல் அழுக்கு நீக்கும் செயற்கைப் பொருள்களை ஆக்கினர். இவற்றின் வழிவந்தனவே இக்காலத்துச் சலவைத் தூள்கள். சர்ஃப் என்னுந் தூள் இந்தியாவில் 1959-ல் விற்பனைக்கு வந்தது. உப்புக் கரிக்கும் கிணற்றுநீரில் சவுக்காரம் நுரையாது திரிந்து வெள்ளைக் கசடாய்ப் படிவதைப் பெண்மணிகள் அறிவர். அந்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தே அதற்குக் காரணம். சலவைத் தூள் அவ்வாறு எளிதில் திரிவதில்லை. ஆயினும் மலிவான தூள்களில் சோடா மிகுதி. நாள்தோறும் அதிற் கையிடுவோரின் விரல்கள் வெடித்துக் காந்துவது இதனாலேதான். ஆடவர் இதனைக் கவனிப்பதில்லை. துவைப்பவர் பெரும்பாலும் அவரல்லரே!

குளிக்கும் சவுக்காரத்தில் காரம் எஞ்சாதவாறு காய்ச்சுவர். முதற்றரமானதில் கொழுப்புச் சத்து நூற்றுக்கு 76 பங்கிற்குக் குறையலாகாதென்பது இந்தியத் தர விதி. மேலுறையில் அதனைக் காணலாம். துணிக்கட்டியிலோ சோடாவும் சிலிக்கேட்டும் வேண்டுமென்றே சேர்க்கப்படுகின்றன. அவை அழுக்குப் போக்கவும் எடை கூட்டவும் உதவும். எம் கூறைப்பட்டைக் கெடுத்தவை இவையே. குளிக்கும் கட்டியும் பட்டிற்கு உகந்ததன்று; எவ்வகைச் சவுக்காரமும் நீரிற் கரைந்தால் சிறிது காரமாகவே நிற்கும்.

ஆதலின் எம் இல்லத்தில் இப்பொழுது பூந்திக்கொட்டை மீண்டும் வந்துள்ளது. ஐந்தாறு கொட்டைகளை விதை நீக்கி, இரவில் ஊறவைத்து, காலையிற் பிசைந்து வடிகட்டிய நீரில் பட்டை அலசி, முறுக்காது நிழலில் உலர்த்துகின்றோம். பாட்டியாரின் கூறைப்பட்டு மட்டும் இனித் திருந்தாது. அதன் முந்தானையை வெட்டிப் பூசையறைக்குத் திரையாக்கியிருக்கின்றாள் அப்பெண்.