அடிமையும் பேரரசரும் கற்ற ஒரே பாடம்

செல்வமும் பதவியும் உடல்நலமும் இருந்தால்தான் மனிதன் நன்றாக வாழ முடியுமா? அறம் ஒன்றே போதும் என்று பதில் சொன்னவர்கள் ஸ்டோயிக் தத்துவவாதிகள். சைப்ரஸ் தீவைச் சேர்ந்த ஜீனோ கி.மு. 300 வாக்கில் ஏதென்ஸ் நகரில் இந்தத் தத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அவர் பாடம் சொன்ன தூண் மண்டபத்தைக் கிரேக்கர்கள் 'ஸ்டோவா' என்றனர். அதுவே பள்ளிக்கும் பெயராயிற்று.

அறிவு, நீதி, துணிவு, தன்னடக்கம் ஆகிய நான்கையும் அவர்கள் அறம் என்றனர். மற்றவை வந்தால் ஏற்கலாம். போனாலும் நல்வாழ்வு கெடாது. இதுவே அவர்கள் சொன்ன தன்னிறைவு.

சொல்வது எளிது. வாழ்ந்து காட்டியவர் எபிக்டீடஸ். இன்றைய துருக்கியில் உள்ள ஹியராபோலிஸில் கி.பி. 50 வாக்கில் பிறந்த இவர், ரோமில் எபாஃப்ரொடிடஸ் என்பவரிடம் அடிமையாக இருந்தார். அடிமையாக இருந்தபோதே முசோனியஸ் ரூஃபஸிடம் தத்துவம் கற்றார். விடுதலை பெற்று ஆசிரியரான பிறகு, பேரரசர் டொமிஷியன் தத்துவவாதிகளை ரோமிலிருந்து வெளியேற்றினார். எபிக்டீடஸ் கிரேக்கத்தின் நிக்கோபோலிஸ் நகருக்குச் சென்று பள்ளி நடத்தினார். அவர் எதையும் எழுதி வைக்கவில்லை. மாணவர் அர்ரியன் எடுத்த குறிப்புகள் வழியாகவே அவரை இன்று அறிகிறோம்.

உடலும் சொத்தும் புகழும் முழுவதும் நம் கையில் இல்லை; நம் முடிவுகளும் விருப்பு வெறுப்புகளும் நம் கையில் உள்ளன. இதுதான் அவர் போதனையின் சாரம். காலுக்கு விலங்கு பூட்டலாம், மனத்தின் தேர்வுக்குப் பூட்ட முடியாது என்பது அவர் வாதம்.

கி.பி. 161 முதல் 180 வரை ரோமை ஆண்ட மார்க்கஸ் அரேலியஸ், தம் ஆசிரியர் ரஸ்டிகஸ் மூலம் இந்தக் குறிப்புகளைப் படித்தார். போரும் கொள்ளைநோயும் சூழ்ந்த அந்தப் பேரரசருக்கு ஒரு முன்னாள் அடிமையின் சொற்கள் துணை நின்றன.

ஆனால் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அடிமைகளும் உறவினரே என்று எபிக்டீடஸ் எசமானர்களுக்கு நினைவூட்டினார். அடிமை முறையை ஒழிக்கக் கோரவில்லை. அவரைப் படித்த பேரரசரும் அதை ஒழிக்கவில்லை. உள்ளத்தின் விடுதலை துன்பத்தைத் தாங்கும் வலிமையைத் தரும். விலங்கை உடைக்க அது மட்டும் போதாது. அதற்கு அவர்களே அறத்தில் சேர்த்திருந்த நீதி, சட்டமாகவும் மாற வேண்டியிருந்தது.