திரைக்குப் பின்னால் ஒரு குரல்

குருமடத்தில் பயின்ற நாட்களில், விடுமுறை மாலையொன்றில் எங்களுக்கு ஓர் ஆங்கிலப் படம் காட்டப்பட்டது. பொது அறையின் சிறிய தொலைக்காட்சிப் பெட்டியில், தேய்ந்துபோன வீடியோ கேசட்டில் ஓடிய அப்படத்தின் பெயர் ‘சிங்கிங் இன் த ரெயின்’. ‘மழையில் பாடுதல்’ எனத் தமிழில் சொல்லலாம். பேரழகியான நடிகை ஒருத்தி வாய் திறந்ததும் கீச்சுக் குரல் வெளிப்பட, நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். கடைசியில் திரை உயர்ந்து, அவளுக்காக மறைவில் நின்று பாடிய எளிய பெண் ஊரறிய வெளிப்பட்டபோது கைதட்டி ஆரவாரித்தோம். நீதி வென்றது என்ற நிறைவோடு இரவு உணவுக்குச் சென்றோம். அந்தக் கைதட்டல் சேர வேண்டிய ஒருவரைச் சேரவில்லை என்பதை அறிய நமக்குப் பல்லாண்டுகள் பிடித்தன. அந்த வரலாற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேலை நாட்டு உணவு விடுதிகளில் ஒரு காலத்தில் ‘ஜூக்பாக்ஸ்’ என்னும் இசைப்பெட்டி இருந்தது. காசைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால், விரும்பிய இசைத்தட்டு சுழலும். மக்கள் முன்னரே கேட்டுப் பழகிய பாடல்களைக் கோத்து, அவற்றுக்கேற்பக் கதை அமைத்து எடுக்கப்படும் படங்களுக்கு அப்பெட்டியின் பெயரே பிற்காலத்தில் வழங்கலாயிற்று. ‘அபா’ குழுவினரின் பாடல்களைக் கொண்டு 2008-இல் வெளிவந்த ‘மம்மா மியா’ இவ்வகையினதே. ஆயினும், இவ்வகையின் தலைசிறந்த படைப்பு எதுவெனக் கேட்டால், பலரும் 1952-இல் வெளிவந்த ‘சிங்கிங் இன் த ரெயின்’ படத்தையே சுட்டுவர்.

அப்படத்தின் தயாரிப்பாளர் ஆர்தர் ஃபிரீட், எம்.ஜி.எம். நிறுவனத்தில் முதலில் பாடலாசிரியராகப் பணியாற்றியவர். நேசியோ ஹெர்ப் பிரவுன் இசையமைக்க, 1929 முதல் பத்தாண்டுக் காலம் அவர் எழுதிய பாடல்கள் பல படங்களில் சிதறிக் கிடந்தன. அவற்றைக் கொண்டு ஒரு கதை புனையுமாறு பெட்டி கோம்டென், அடால்ஃப் கிரீன் என்னும் இரட்டை எழுத்தாளர்கள் 1950-இல் பணிக்கப்பட்டனர். கதை பிறந்தபின் பாடல் பிறப்பதே வழக்கம்; இங்கோ பாடல்கள் முந்திவிட்டன. அவ்விருவரும் பாடல்களைத் திரும்பத் திரும்பக் கேட்டனர். இப்பாடல்கள் எந்தக் காலத்துக்கு உரியனவோ, கதையும் அந்தக் காலத்திலேயே நிகழட்டும் என முடிவு செய்தனர். ஊமைப்படம் மறைந்து பேசும்படம் பிறந்த காலமே அது. பழைய நகையை உருக்காமல், அதற்கேற்ற மாலையைத் தேடிய செயல் எனலாம்.

1927 அக்டோபரில் வார்னர் சகோதரர்களின் ‘த ஜாஸ் சிங்கர்’ வெளியானதும் ஹாலிவுட் நிலைகுலைந்தது. முகபாவத்தால் மட்டுமே மக்களை ஆண்ட நட்சத்திரங்கள் திடீரெனக் குரலைக் காட்ட வேண்டியதாயிற்று. ஒலிவாங்கியை எங்கே ஒளிப்பது என்பதே பெரும் சிக்கலாயிற்று. கருவியின் இரைச்சல் பதிவாகாதிருக்க, ஒளிப்பதிவாளரையும் கருவியையும் சேர்த்து ஒரு கூண்டுக்குள் அடைத்தனர். படத்தில் செடிக்குள் ஒலிவாங்கியை மறைப்பதும், நடிகை தலையைத் திருப்புந்தோறும் குரல் மறைவதும், படமும் ஒலியும் முன்பின்னாகி ஆணின் பேச்சு பெண்ணின் வாயிலிருந்து வருவதும் வெறும் கற்பனைக் கேலிகள் அல்ல. அக்காலத் தொழிலாளர் பட்ட பாடே அங்கே நகைச்சுவையாயிற்று. ஹிட்ச்காக் இயக்கிய ‘பிளாக்மெயில்’ (1929) படத்தில் செக் நாட்டு நடிகை அன்னி ஒண்ட்ரா உதடுகளை மட்டும் அசைக்க, ஜோன் பாரி என்பவர் சட்டகத்துக்கு வெளியே நின்று வசனத்தைப் பேசினார் என்பது சினிமா வரலாறு.

இப்படத்தின் கதையும் அத்தகையதே. லீனா லாமாண்ட் என்னும் ஊமைப்பட நட்சத்திரத்தின் குரல் பேசும்படத்துக்கு ஒவ்வாது. கேத்தி செல்டன் என்னும் இளம்பெண் அவளுக்காகப் பேசவும் பாடவும் அமர்த்தப்படுகிறாள். பெயரும் புகழும் லீனாவுக்கு, உழைப்பு கேத்திக்கு. இந்த ஏற்பாட்டை நிரந்தரமாக்க லீனா துடிக்கிறாள். இறுதியில் மேடைத் திரை இழுக்கப்பட்டு உண்மை வெளிப்படுகிறது. மறைவில் உழைப்பவருக்கு அவருக்குரிய பெயரைக் கொடுங்கள் என்பதே படத்தின் அறம்.

அந்த அறத்தை நடிகர்களின் வியர்வை தாங்கி நின்றது. ஜீன் கெல்லி, ஸ்டான்லி டானெனுடன் இணைந்து இயக்கியதோடு தாமே நாயகனாகவும் ஆடினார். கொட்டும் மழையில் குடையை மடக்கிவிட்டு அவர் ஆடும் காட்சி படமானபோது அவர் கடுங்காய்ச்சலில் இருந்தார். ‘சிங்கிங் இன் த ரெயின்’ என்னும் அப்பாடல் 1929-ஆம் ஆண்டுப் படமொன்றில் மழைச் சட்டையணிந்த கூட்டம் பாடிய பழைய பாட்டு. அதையே 1952-இல் ஒற்றை மனிதனின் மகிழ்ச்சியாக்கியபோது, அது உலகின் பாடலாயிற்று. இளமையில் அதைக் கேட்டவர்களுக்கு நினைவு திரும்பியது. இளையோருக்குப் புதுப்பாட்டுக் கிடைத்தது. ஒரே வேளையில் இரு தலைமுறையையும் தொடுவதே இவ்வகைப் படங்களின் கவர்ச்சி.

ஆயினும், வெளிவந்த நாளில் இதற்குப் பெரிய மகுடம் கிட்டவில்லை. அதே தயாரிப்பாளர், கெர்ஷ்வின் சகோதரர்களின் பழம்பாடல்களைக் கொண்டு எடுத்த ‘அன் அமெரிக்கன் இன் பாரிஸ்’ 1951-ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றிருந்தது. இப்படமோ இரண்டு பரிந்துரைகளோடு நின்றுவிட்டது. காலம் தீர்ப்பை மாற்றியது. அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேடு 1989-இல் தொடங்கப்பட்டபோது, முதலில் சேர்க்கப்பட்ட 25 படங்களுள் இதுவும் ஒன்று. 2006-இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் இசைப்படங்களின் வரிசையில் இதற்கு முதலிடம் தந்தது. 2022-இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் திறனாய்வாளரிடம் நடத்திய வாக்கெடுப்பில் உலகப் படங்களுள் பத்தாம் இடம் பெற்றது.

இனி, நாம் சொல்ல வந்த செய்திக்கு வருவோம். கேத்தியாக நடித்த டெபி ரேனால்ட்ஸ் அப்போது 19 வயதுப் பெண். கால்கள் புண்ணாகுமளவு ஆடினார். ஆனால், லீனாவுக்காகக் கேத்தி பாடுவதாகக் காட்டப்படும் ‘உட் யூ’ என்ற பாடலைப் பாடியவர் அவரல்லர். பெட்டி நொய்ஸ் என்னும் பாடகி அவருக்காகப் பாடினார். விந்தை இன்னும் உண்டு. லீனாவுக்காகக் கேத்தி வசனம் பேசும் காட்சியில் நாம் கேட்பது ஜீன் ஹேகனின் குரல். கீச்சுக் குரலில் லீனாவாக நடித்தவர் அவரே. அவருடைய இயல்பான குரலோ அத்துணை இனிமையானது! மறைந்திருக்கும் குரலுக்கு நீதி கேட்ட அப்படத்தின் பெயர்ப்பட்டியலில் பெட்டி நொய்ஸின் பெயர் இல்லை. படத்தில் உயர்ந்த திரை, படத்துக்கு வெளியே உயரவே இல்லை.

இது ஒருவருடைய தீய எண்ணம் எனக் கொள்ள வேண்டியதில்லை. அக்காலத் தொழில் வழக்கம் அது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் ‘த கிங் அண்ட் ஐ’, ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’, ‘மை ஃபேர் லேடி’ ஆகிய மூன்று புகழ்பெற்ற படங்களில் நாயகியருக்காகப் பாடிய மார்னி நிக்ஸனின் பெயரும் திரையில் இடம்பெறவில்லை. அநீதி பலவேளைகளில் இப்படித்தான் வழக்கம் என்னும் போர்வையில் வருகிறது. போர்வைக்குள் இருப்பது யாரென எவரும் கேட்பதில்லை.

நம் நாட்டிலும் இக்கதை உண்டு. 1931-இல் ‘காளிதாஸ்’ தொடங்கித் தமிழ்ப் பேசும்படங்களில் நடிப்பவரே பாட வேண்டியிருந்தது. பின்னணிப் பாடல் முறை பரவிய தொடக்கத்தில் குரலுக்கு உரியவர் இருட்டில் நின்றார். 1949-இல் வெளிவந்த ‘மஹல்’ என்னும் இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாடலைப் பாடியவர் லதா மங்கேஷ்கர்; இசைத்தட்டில் பொறிக்கப்பட்டதோ, கதைப்பாத்திரமான காமினியின் பெயர்! ஆனால், நம் மக்கள் அதோடு நிற்கவில்லை. பாடியவர் யார் எனக் கேட்டனர். வானொலி அறிவிப்பாளர் பாடகர் பெயரைச் சொல்லும் வழக்கம் வேரூன்றியது. இன்று டி.எம். சௌந்தரராஜனையும் பி. சுசீலாவையும் முகம் காணாமலே குரலால் அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை. ஹாலிவுட் மூடி மறைத்ததை நாம் மேடையேற்றிக் கொண்டாடினோம். கேட்பவர்கள் கேட்டதால் திரை உயர்ந்தது.

எங்கள் குருமட மாலைக்கு மீண்டும் செல்கிறோம். படம் முடிந்து, உரிமை பெறாதவளுக்கு உரிமை கிடைத்ததைப் பேசிச் சிரித்தபடி உணவறையில் அமர்ந்தோம். சூடாக உணவு வந்தது. அடுக்களையிலிருந்து அதைச் சமைத்து அனுப்பிய முதியவரை நாங்கள் அனைவரும் ‘அண்ணாச்சி’ என்றே அழைத்தோம். அங்கே கழித்த ஆண்டுகளில் அவருடைய பெயரை நாங்கள் ஒருமுறையேனும் கேட்டோமா என்று எண்ணிப் பார்க்கிறோம். நினைவுக்கு வரவில்லை.