மரத்தில் விளைந்த கல்

கல்வீடு என்றால் கல்லை அடுக்கிக் கட்டியதாகத்தான் இருக்கவேண்டும் என்று நாம் எண்ணுகிறோம். அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்துப் பொட்டோமாக் ஆற்றங்கரையிலுள்ள மௌண்ட் வெர்னன் மாளிகை அவ்வெண்ணத்தைச் சற்றே அசைத்துவிடுகிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதல் ஜனாதிபதியாகிய ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த இல்லம் அது. தொலைவிலிருந்து நோக்குவார்க்கு அதன் சுவர் வெண்கல் வரிசையாகவே தோன்றும். நெருங்கிப் பார்த்தால் அத்தனையும் பைன் மரப் பலகை!

வாஷிங்டனின் தந்தையார் 1734-ல் அமைத்த சிறிய மரவீட்டை, மகனார் 1758-ஆம் ஆண்டையொட்டி உயர்த்திப் பெரிதாக்கினார். இருந்த வீட்டை இடித்துவிட்டுக் கல்லால் கட்டுவதைவிட, மரத்திற்கே கல்லின் வடிவம் தருவது எளிதன்றோ? பலகைகளின் விளிம்பைச் சரிவாகச் சீவி, இடையிடையே செங்குத்தாகவும் பள்ளம் வெட்டினர். நீண்ட பலகை, செதுக்கிய கற்களின் வரிசைபோல ஆயிற்று. இது வாஷிங்டன் கண்டுபிடித்த முறையன்று. நியூபோர்ட் நகரத்து ரெட்வுட் நூல்நிலையத்தில் பீட்டர் ஹாரிசன் என்பார் 1750-க்குள்ளாகவே இதனைச் செய்து முடித்திருந்தார். அக்காலக் கனவான்கள் போற்றிய இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோவும், செங்கற் சுவரின்மேல் சாந்து பூசிக் கல்லெனக் காட்டியவர்தாம். ஆதலின் இதனை வெறும் போலி என்று ஒதுக்குவது நியாயமாகாது.

வடிவம் கிடைத்தாலும் வழவழப்பான வர்ணம் மரத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அங்கேதான் மணல் துணைக்கு வந்தது. 1799-ல் வில்லியம் தார்ன்டன் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் வாஷிங்டன் இம்முறையைத் தெளிவாக விளக்குகிறார். தடித்த வர்ணம் ஈரமாயிருக்கும்போதே, ஒட்டுமட்டும் மணலை அதன்மேல் வீசி எறியவேண்டும். மரம் நெடுநாள் உழைப்பதும், கல்லின் தோற்றம் பெறுவதும் ஆகிய இரண்டு பயன் இதனால் உண்டு. தூய வெண்மணல் கிடைப்பது அரிதாகையால், மிருதுவான கல்லையே இடித்துச் சலித்துப் பயன்படுத்தியதாகவும் கூறுகிறார். நுண்தூசியை மென்காற்றில் பிரித்துவிட வேண்டுமாம். நம் களத்துமேட்டில் பதர் போகத் தூற்றும் காட்சியன்றோ நினைவுக்கு வருகிறது! மெய்யான கல்லே பொடியாகி மரத்தின்மேல் ஏறியது என்பதை எண்ணும்போது, எது போலி, எது மெய் என்று பிரித்துச் சொல்வது கடினமாகிறது.

முறையை எழுதிவைத்தவர் பெயரை உலகம் அறியும். ஆனால் அந்தப் பண்ணையின் உழைப்பு அடிமைகளின் உழைப்பு. கடிதம் எழுதப்பட்ட அதே 1799-ல் அங்கு 317 பேர் அடிமைகளாக இருந்தனர். தச்சரும் கொத்தரும் அவர்களுள் அடங்குவர். அவ்வீட்டைப் புகழ்வோர் பலகாலம் இவர்களைப் பேசாமலே விட்டனர். கல்லின் அழகைப் பேசும் நாம் இக்கைகளை மறப்பதற்கில்லை.

வாஷிங்டன் அவ்வாண்டு டிசம்பரில் காலமானார். 1858-ல் மாதர் சங்கமொன்று அவ்வில்லத்தை விலைக்கு வாங்க ஒப்பந்தம் செய்து, பின்னர் பேணி வரலாயிற்று. மழையும் வெயிலும் வர்ணத்தை அரிப்பது ஓயவில்லை. சுவரைப் புதுப்பிக்கும்போதெல்லாம் ஈர வர்ணத்தின்மேல் இன்றும் மணலை வீசுகிறார்கள்.