இரவல் காவல் படை



மலருக்கு "ஏதாவது எழுதுடா" என்றதும் மோட்டார், பம்பு என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நம் பேட்ச் நண்பன் ஒருவனின் தம்பிக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்திரி ராத்திரியாகக் காத்திருந்தோம். ரத்தப் புற்றுநோய் அடங்கியது, வைரஸ் எழுந்தது. அப்போது தேடிப் படித்த சரித்திரம் இது.

சி.எம்.வி. என்ற வைரஸ் நம்மில் பலர் உடம்பில் சத்தமில்லாமல் தூங்குகிறது. அதற்குக் காவல், டி-செல் என்னும் வெள்ளை அணுக்கள். மாற்று சிகிச்சைக்கு முன் தரும் கடுமையான மருந்துகள் அந்தக் காவலையும் அழித்துவிடும். புதுக் காவல் வர மாதக்கணக்காகும். கான்சிக்ளோவிர் மருந்து வைரஸை அடக்கும். கூடவே முளைவிடும் மஜ்ஜையையும் வாட்டும்.

சியாட்டிலில் ஸ்டான்லி ரிடெல், ஃபிலிப் கிரீன்பெர்க் குழுவினர் ஒரு வழி கண்டார்கள். மஜ்ஜை தந்தவரின் ரத்தத்தில் சி.எம்.வி.யை அடையாளம் தெரிந்த டி-செல்களை மட்டும் பிரித்து, லேபில் பெருக்கி, நோயாளிக்கு ஏற்றினார்கள். 1992-இல் 3 பேரின் முடிவு வெளியானது. 1995-இல் 14 பேர், ஒருவருக்குக்கூட சி.எம்.வி. நோய் வரவில்லை. ஆனால் உதவி டி-செல் இல்லாதவர்களிடம் ஏற்றிய படை தேய்ந்துபோனது. சிப்பாய்க்கும் சப்ளை வேணுமே!

எப்ஸ்டீன்-பார் வைரஸ் நிணநீர்ப் புற்றுநோயையே கிளப்பும். 1994-இல் நியூயார்க்கில் கொடையாளியின் வெள்ளை அணுக்களை அப்படியே ஏற்றி, 5 பேரின் கட்டிகளைக் கரைத்தார்கள். ஆனால் பிரிக்காத அணுக்கள் நோயாளியின் உடம்பையே தாக்கக்கூடியவை. 1995-இல் மெம்ஃபிஸில் கிளியோனா ரூனி, ஹெலன் ஹெஸ்லாப், மால்கம் பிரென்னர் ஆகியோர் இந்த வைரஸுக்கென்றே வளர்த்த டி-செல்களைக் கொடுத்தார்கள். மரபணு அடையாளமிட்ட அந்த அணுக்கள் 9 வருஷம் வரை உடம்பில் தென்பட்டன.

2022 டிசம்பரில் முன்பின் தெரியாத கொடையாளிகளின் அணுக்களில் தயாராகும் டேபெலெக்லுசெல்லுக்கு ஐரோப்பா அனுமதி தந்தது. மறு வருஷமே, 6 வைரஸ்களுக்கு எதிரான போசோலியூசெல்லின் இறுதிக்கட்டச் சோதனைகள் பலன் தெரியாமல் நிறுத்தப்பட்டன. ஒரு டிசைன் ஓடினால் எல்லாம் ஓடும் என்று சொல்ல முடியாது, நமக்கா தெரியாது?

தம்பி மருந்திலேயே தேறி வீட்டுக்கு வந்துவிட்டான். அவனுக்கு மஜ்ஜை தர அக்கா இருந்தாள். எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. மருந்தோ, இரவல் படையோ, எல்லாம் தொடங்குவது பொருந்தும் ஒரு கொடையாளியிடம்தான். சந்திப்பு முடிந்து ஊர் திரும்பும் முன், கொடையாளர் பதிவேட்டில் பெயர் கொடுத்துவிட்டுப் போங்களேன்!