வெள்ளியை மூடிய திரை

வெள்ளி என்றதும் தமிழ் படித்த நமக்கு மழைதான் நினைவுக்கு வரும். வெள்ளி தெற்கே சாய்ந்தால் வானம் பொய்க்கும் என்று சங்கப் புலவர்கள் நம்பினார்கள். பட்டினப்பாலை தொடங்குவதே அந்தப் பேச்சோடுதான். மயிலத்தில் அந்தப் பாடம் நடந்தபோது, "ஐயா, அந்த வெள்ளியிலே மழை பெய்யுமா?" என்று ஒரு நண்பர் கேட்க, வகுப்பே சிரித்தது. கேள்வி என்னவோ நல்ல கேள்வி. அதன் வரலாற்றில் நம் சென்னைக்கும் பங்குண்டு.

1874 டிசம்பர் 9இல் வெள்ளி சூரியனைக் கடந்தது. நுங்கம்பாக்கம் வானாய்வுக் கூடத்தில் முதல் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, அதைப் பொதுமக்களுக்கு விளக்கும் சிறுநூலை ஆங்கிலத்திலும் நம் நாட்டு மொழிகளிலும் வெளியிட்டார். திருக்கணிதப் பஞ்சாங்கம் கொண்டுவந்தவரும் அவரே. ஏட்டுக் கணக்கும் வானமும் ஒத்துப்போகவில்லையா, கணக்கைத் திருத்து என்ற கட்சி. பஞ்சாங்கக்காரர்கள் லேசில் விடுவார்களா? வாக்கியமா, திருக்கணிதமா என்ற வழக்கு இன்றும் நம்மூரில் ஓய்ந்தபாடில்லை.

அன்றைய தொலைநோக்கியில் வெள்ளி வெறும் வெண்மைதான். மேகத்துக்குக் கீழே சதுப்புக்காடு இருக்கும் என்றுகூடப் பின்னால் சிலர் எழுதினார்கள். 1932இல் மவுண்ட் வில்சனில் ஆடம்சும் டன்ஹாமும் அகச்சிவப்பு ஒளியைப் பிரித்துப் பார்த்துக் கரியமில வாயுவைக் கண்டார்கள். அந்த மேகம் நீரல்ல, கந்தக அமிலத் துளி என்று தெளிந்தது 1970களில். மழை உண்டு, தரையைத் தொடுமுன் ஆவியாகிவிடும். தரையில் சூடு சுமார் 460 டிகிரி!

திருப்பம் 1984இல் வந்தது. ஆஸ்திரேலியாவில் ஆலனும் கிராஃபோர்டும் வெள்ளியின் இரவுப் பக்கத்தை அகச்சிவப்பில் பார்த்தால், அது மினுங்குகிறது! கரி படிந்த சிம்னிக்குள் எரியும் அரிக்கேன் விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் வெப்பம் சில அலைநீளங்களில் மட்டும் கசிகிறது. மேகம் தடித்த இடம் கறுப்பு, மெலிந்த இடம் வெளிச்சம். மூடிய திரையே படமாகிவிட்டது.

ஜப்பானின் அகாட்சுகி 2010இல் குறி தவறி, ஐந்தாண்டு சூரியனைச் சுற்றி, 2015 டிசம்பர் 7இல் வெள்ளியைப் பிடித்தது. பிடித்த கையோடு, சுமார் 10,000 கி.மீ. நீளத்தில் வில்போல் ஓர் அலையை அதன் அகச்சிவப்புக் கருவி காட்டியது. நாலு நாளில் கோளையே சுற்றிவரும் காற்றுக்கு நடுவே, கீழுள்ள மேட்டுநிலத்துக்கு நேர்மேலே அசையாமல் நின்ற அலை! அந்தக் கலத்தின் வானொலி அலைகளைப் பெங்களூர் அருகே பயலாலு ஆன்டெனாவும் வாங்கி ஆராய்ந்தது. 2024 ஏப்ரலில் தொடர்பு அறுந்தது.

மேல்மேகத்தில் புற ஊதாக் கதிரை விழுங்கும் பொருள் இன்னதென்று இன்னும் உறுதியாகவில்லை. நம் இஸ்ரோவின் வெள்ளிக் கலத்துக்கு 2024 செப்டம்பரில் ரூ.1,236 கோடி ஒப்புதல் ஆகியிருக்கிறது.