நகர்சட்டத்திலிருந்து சொந்தக் கணனிக்கு

கருவிகளின் வரலாற்றைக் கலைப்பீட மாணவன் எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், ஒரு தொழிலைச் சார்ந்தோரின் சிந்தனை முறையையே மாற்றிய கருவி, அரச மரபுகளைப் போலவே வரலாற்றாய்வுக்கு உரியதாகும்.

1970களின் தொடக்கம் வரை பொறியியலாளரின் கைக்கருவியாக விளங்கியது 'சிலைட் ரூல்' எனப்பட்ட நகர்சட்டமே. மடக்கை அளவீடுகள் பொறிக்கப்பட்ட இச்சட்டம் ஏறத்தாழ மூன்று இலக்கங்களையே தரும். தசமப்புள்ளி எங்கே விழும் என்பதைச் சொல்லாது. விடை 25 ஆ, 2,500 ஆ என்பதைப் பயன்படுத்துவோரே மனத்தில் மதிப்பிட்டுக்கொள்ளல் வேண்டும். இக்குறைபாடே அவர்களுக்கு ஆசானாயும் இருந்தது. 1972இல் ஹியூலெற் பக்காட் நிறுவனம் 395 டொலர் விலையில் வெளியிட்ட 'எச்.பி. 35' என்னும் கைக்கணிப்பான், சில ஆண்டுகளுள் அச்சட்டத்தை அருங்காட்சிப் பொருளாக்கிவிட்டது.

பெருங்கணக்குகளின் நிலை வேறு. அவற்றுக்குப் பல்கலைக்கழகத்தின் மையக் கணனியையே நாடவேண்டியிருந்தது. மாணவன் போட்ரான் மொழியிற் செய்நிரல் எழுதி, அதனை மையத்திற் கொடுத்துவிட்டுத் தன் முறை வரும்வரை காத்திருப்பான். ஒரு காற்புள்ளி பிழைத்தாலும் மீண்டும் காத்திருப்பு! நியூ மெக்சிக்கோ பல்கலைக்கழகத்திற் கற்பித்த கிளீவ் மோலர் என்னும் கணித அறிஞர், தம் மாணவர் போட்ரான் எழுதாமலே தாயங்களைக் கையாளும் பொருட்டு, 1970களின் பிற்பகுதியில் 'மற்லாப்' என்னும் மென்பொருளை ஆக்கினார். 1979-80இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் அதனைக் கொண்டு அவர் கற்பித்தபோது, கணித மாணவரினும் பொறியியல் மாணவரே அதனை விரும்பி ஏற்றனர். 1981இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் சொந்தக் கணனி சந்தைக்கு வந்தது. கட்டுப்பாட்டுப் பொறியியலாளரான ஜாக் லிற்றில், ஸ்ரீவ் பாங்கேட் என்பாருடன் இணைந்து மற்லாப்பைச் சொந்தக் கணனிக்கென மீள எழுதினார். 1984இல் அது வெளியாயிற்று. முதன்முதலாக விலைபோன பத்துப் பிரதிகளும் 1985இல் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சென்றடைந்தன.

வேகத்தில் அச்சிறு கணனி பெருங்கணனிக்கு ஈடாகாது. எனினும் அது மாணவனின் மேசைமேல் இருந்தது. ஓர் எண்ணை மாற்றி, விளைவைக் கண்டு, மீண்டும் மாற்றிப் பார்க்க எவரது அனுமதியும் வேண்டியதில்லை. பிழைவிட்டுக் கற்கும் உரிமை மலிவாகக் கிட்டியமையே இம்மாற்றத்தின் உயிர்நிலை என்பது என் துணிபு.

ஆயின், நகர்சட்டம் கேட்ட கேள்வியைத் திரை கேட்பதில்லை. பத்துத் தசமதானங்களுடன் தோன்றும் விடையை ஐயுறுவதற்குத் தனித் துணிவு வேண்டும். கணனி பெரிதாயினும் சிறிதாயினும் இவ்வாபத்து ஒன்றே. 1991 ஓகஸ்ட் 23ஆம் திகதி, நோர்வேயின் ஸ்ரவாங்கர் நகருக்கு அண்மையில், 'ஸ்லைப்னர் ஏ' என்னும் எரிவாயு மேடையின் கொங்கிறீற்று அடித்தளத்தை நீரில் அமிழ்த்திச் சோதித்தபோது, அதன் சுவர் உடைந்து அடித்தளம் முழுவதும் கடலுள் மூழ்கியது. கணனிப் பகுப்பாய்வின்பொருட்டு அச்சுவரைப் பிரித்த கூறுகள் மிகப் பரும்படியாக அமைந்தமையால், கொய்வுத் தகைப்பு 47 சதவீதம் குறைத்து மதிப்பிடப்பட்டிருந்தது. விபத்தின் பின்னர் அதே முறையை நுண்ணிய கூறுகளுடன் கையாண்டபோது, 62 மீற்றர் ஆழத்திற் சுவர் உடையும் என்றே விடை வந்தது. உண்மையில் அது உடைந்த ஆழம் 65 மீற்றர்.