ஒலி வடிவம் மாறிய வரலாறு

ஓலைச்சுவடியைப் படியெடுத்தோர் ஓரெழுத்தைத் தவறவிட்டாலும் பாடவேறுபாடு தோன்றியதை ஆசிரியப் பெருமக்கள் அறிவர். ஒலிப்பதிவை ஒரு வடிவத்தினின்று மற்றொன்றுக்கு மாற்றும்போதும் இழப்பு நேர்வதுண்டு. ஆயின் அது கைப்பிழையன்று, கணக்கிட்டுச் செய்யப்படுவது.

1982இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த குறுந்தட்டு, ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டுகளால் குறித்தது. இடம், வலம் என இரு தடங்கள் வேறு. மைக்ரோசாப்டும் ஐபிஎம்மும் 1991இல் வகுத்த வேவ் கோப்பும் பெரும்பாலும் இவ்வெண்களை அப்படியே சுமப்பதாகும். மூன்று நிமிடப் பாடலுக்கு ஏறத்தாழ 32 மெகாபைட்! அக்காலத் தொலைபேசிக் கம்பிக்கு அது தாங்கொணாச் சுமை.

இச்சுமையைக் குறைக்க முயன்றோருள் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் ஆய்வு நடத்திய கார்ல்ஹெயின்ஸ் பிராண்டன்பர்க் குறிப்பிடத்தக்கவர். உரத்த ஓசையை ஒட்டி எழும் மெல்லோசையைச் செவி உணர்வதில்லை. உணராததை நீக்கிவிடலாம் என்பதே அடிப்படைக் கருத்து. சூசன் வேகா பக்க இசையின்றித் தனிக்குரலில் பாடிய 'டாம்ஸ் டைனர்' பாடலைத் தொடக்ககாலச் சுருக்கமுறை சிதைத்துவிட்டது. மனிதக் குரலே கடுந்தேர்வாய் அமைந்தது, மொழியாசிரியர்க்குச் சுவையான செய்தியன்றோ! அம்முறை திருத்தம் பெற்று 1993இல் பன்னாட்டுத் தரமாக வெளியாயிற்று. 1995இல் எம்பி3 என்னும் கோப்புப் பெயர் பெற்றது. நொடிக்கு 1,28,000 பிட்டுகள் எனச் சுருக்கினால், குறுந்தட்டின் அளவில் பதினொன்றில் ஒரு பங்கே எஞ்சும்.

பல வடிவங்களையும் படித்து மாற்றவல்ல எஃப்எஃப்எம்பெக் என்னும் மென்பொருளைப் பிரான்சு நாட்டு ஃபப்ரீஸ் பெல்லார் 2000இல் தொடங்கினார். அதைக் கணினியில் நிறுவ இயலாதார், பதிவைப் பிறர் வழங்கிக்கு அனுப்பியே மாற்றிக்கொள்ள நேர்ந்தது. 2017இல் வெப்அசெம்பிளி முறையை நான்கு பெரிய உலாவிகளும் ஏற்றபின், அம்மென்பொருளே உலாவிக்குள் இயங்கலாயிற்று. கோப்பு நம் கணினியை விட்டு வெளியேற வேண்டுவதில்லை. எனினும் எல்லாத் தளங்களும் அவ்வாறு இயங்குவன அல்ல. பக்கம் முழுதும் திறந்தபின் இணைய இணைப்பைத் துண்டித்துப் பார்க்கலாம். அப்போதும் மாற்றம் நிகழ்ந்தால் மாணவர் குரல் எங்கும் செல்லவில்லை எனத் தெளியலாம்.

இவ்வசதி ஒரு மயக்கத்தையும் உடன் கொணர்ந்தது. எம்பி3 கோப்பை வேவ் ஆக்கினால் பழைய ஒலி மீளும் எனச் சிலர் கருதுகின்றனர். கோப்பு பருக்குமேயன்றி, நீக்கப்பட்ட ஒலி திரும்பாது. ஓர் எழுத்தும் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவம் 2001இலேயே வந்துவிட்டது. செய்யுள் ஒப்புவித்தலைப் பதிவு செய்வோர் மூலத்தை வேவாகவோ ஃபிளாக்காகவோ காத்து, பெற்றோர்க்கு அனுப்பும் படியை மட்டும் எம்பி3 ஆக்கிக்கொள்ளலாம்.